ரிவிட் அடித்த கழுத்துப்பட்டை

அருவருப்பு எனக்கு லேசில் வராது. பதினைந்து வயதில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சுமந்தவன் நான். மாடு குடிக்கிற தொட்டியில் நாங்களும் குனிந்து குடித்தோம். பிறகு வெங்காயத்துக்கு வந்தேன். அழுகின வெங்காயத்தை வெறுங்கையால் வழித்துக் கொட்டியவனுக்கு உலகத்தில் வேறு நாற்றமே கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நாற்பது வயதுக்குள் செட்டிகுளத்தில் ஐந்து பட்டறைக்கும் ஒரு லாரிக்கும் சொந்தக்காரனாக நின்றேன். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு நாள் முழுக்கக் குமட்டியது. எழுபதுகளின் கடைசியில், எங்கள் ஊர் இன்னும் திருச்சி ஜில்லாவில் இருந்த காலத்தில். காரணம் ஒரு நாய். நாய் என்றுகூடச் சொல்லக் கூடாது, நாயைச் சுற்றி நின்ற மனுஷர்கள். அதில் நானும் ஒருத்தன்.

வெங்காயப் பட்டறை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லை அடுக்கி அதன் மேல் கழி பரப்பி, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி, இரண்டு பக்கமும் படல் கட்டி, நடுவில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, மேலே கரும்புத் தோகையால் வேய்ந்து மூடுவோம். ரயில் பெட்டி மாதிரி நீளமாக நிற்கும். அடியில் காற்று ஓடுவதால் மாதக்கணக்கில் வெங்காயம் கெடாது. விலை ஏறும்போது கூரையைப் பிரித்து வெங்காயத்தை எடுப்போம். பட்டறைக்கு அடியில் இருக்கிற அந்த ஒரு முழ நிழல்தான் என் நாய்க்கு வீடு.

செவலை நிறம், நாட்டு நாய். உயரமும் குரலும் நல்ல அமைப்பு. அது இருந்த வரைக்கும் என் பட்டறையில் ஒரு கூடை வெங்காயம் களவு போனதில்லை. என் மனைவி அதைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை, அதனால்தான் நாயைத் தம்பி என்கிறாள் என்று ஊரில் பேசினார்கள். பேசினவர்கள் எல்லோரும் என்னிடம் கூலிக்கு வந்தவர்கள்தான்.

நாய்க்குக் கழுத்துப்பட்டை செய்து போட்டது நான். கடையில் விற்கிற தோல் பட்டை எனக்குப் பிடிக்காது. எண்ணெய் மில்லில் மிஷினை ஓட்டுகிற தடித்த வார் ஒன்று தேய்ந்து கிடந்தது, நூலும் ரப்பருமாக நாலு மடிப்பு. அதில் ஒரு துண்டு வாங்கி, பெரம்பலூரில் ஒரு இரும்புப் பட்டறைக்காரனிடம் கொடுத்து, மேலே பித்தளைக் குமிழ் பதிக்கச் சொன்னேன். கொக்கி வைக்கட்டுமா என்று கேட்டான். வைத்தால் எவனாவது கழற்றிக்கொண்டு போவான், நாயின் கழுத்திலேயே வைத்து ரிவிட் அடித்துவிடு என்றேன். அடித்தான். சுற்று வட்டாரத்தில் அப்படி ஒரு பட்டை எந்த நாய்க்கும் இல்லை. சந்தைக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அது இன்னார் வீட்டு நாய் என்று பட்டையை வைத்தே சொல்வார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

என் மனைவி மட்டும் அன்றைக்கே கேட்டாள், "கழட்ட முடியாத மாதிரி எதுக்குங்க? அது என்ன தாலியா?" என்று. நான் சிரித்தேன்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். நாலாவது பட்டறையைப் பிரிக்க ஆள் இறங்கியிருந்தது. கிழக்குக் கோடியில் தோகையை இழுத்துப் போட்டார்கள். நாய் அடியில்தான் படுத்திருந்தது. திடீரென்று ஒரு துள்ளு துள்ளியது. காற்றைக் கடிப்பது மாதிரி இரண்டு முறை 'லபக் லபக்'கென்று வாயை அடித்தது. பிறகு கத்திக்கொண்டே வெளியே வந்து மூஞ்சியை மண்ணில் போட்டுத் தேய்த்தது. வேலைக்கு வந்திருந்த பொம்பளைகளில் ஒருத்தி, "ஏதோ பறந்துச்சுங்க, செவப்பா" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. லாரி நின்றுகொண்டிருந்தது, லோடு ஏற வேண்டும்.

ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பிப் பார்த்தால் அது என் நாயாக இல்லை. இடது பக்க உதடு பணியாரம் மாதிரி உப்பித் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கு ஏறியது, கன்னம் ஏறியது, கண் இரண்டும் கோடாகச் சுருங்கிப்போயின. நாய்க்கு உண்டான நீள மூஞ்சி போய், பன்றிக்குட்டி மாதிரி வட்டமாக ஒரு சதைப் பிண்டம். வாயிலிருந்து கோழை கோழையாக எச்சில் ஒழுகியது.

வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"மொதலாளி, நாயி பூசணிக்காய முழுங்கிருச்சு!" என்றான் ஒருத்தன். சிரிப்பு.

"கல்யாண மாப்ள கெணக்கா பூரிச்சுப் போயில்ல இருக்கு!"

"சிரிக்காதீங்கடா. எச்சி ஒழுவுது பாரு. வெறி புடிச்சிருக்கு. அடிச்சுப் போட்டுடுங்க, புண்ணியமாப் போவும்."

சொன்னதுதான் தாமதம், இரண்டு பேர் கையில் படல் கழி வந்துவிட்டது. அதே நாய்க்குத்தான் முதல் நாள் வரைக்கும் அவர்கள் தங்கள் சோற்றில் ஒரு கை போட்டார்கள். இப்போது அடிக்க இடம் பார்த்துச் சுற்றி வந்தார்கள். அவர்கள் முகத்தில் பயம் கொஞ்சம்தான், பாக்கி எல்லாம் வேடிக்கை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் குமட்டல் வந்தது. "எவனாவது கழிய ஓங்குனீங்க, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றேன். கழிகள் இறங்கின, ஆனால் கீழே விழவில்லை.

என் மச்சினன் அப்போது எனக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் ஓடிப்போய் விஷக்கடி பார்க்கிற பெரியவரை அழைத்து வந்தான். பக்கத்துத் தெருக்காரர். பாம்பு, தேள், பூரான் எது கடித்தாலும் அவரிடம்தான் போவார்கள். வரும்போதே வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையும். அதோடு ஏதோ ஒரு பச்சிலையையும் போட்டு மென்றுகொண்டே நாயைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்ல பாம்பு" என்றார். "பட்டறைக்கு அடியில இருந்திருக்கு. மூஞ்சில போட்டுடுச்சு."

எனக்கும் அதுதான் தோன்றியது. "நானும் அதான் நெனச்சேன்" என்றேன். நினைத்தேனோ இல்லையோ, சொன்னேன்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாயின் காதைப் பிடித்து, வாயில் மென்றதை அப்படியே அதன் காதுக்குள் ஊதினார். பிறகு மூக்கில். பிறகு மூடிக்கிடந்த கண்ணின் மேல். சிவப்பும் பச்சையுமாக, புகையிலை நாற்றத்தோடு, நூல் நூலாக வழிந்தது. அதற்கு மேல் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினார், மஞ்சளை அப்பினார். நாய் தலையை உதறியது. உதறினதில் என் வேட்டி, சட்டை, உதடு எல்லாவற்றிலும் தெறித்தது. உதட்டில் பட்டதை நான் துப்பினேன். அழுகின வெங்காயத்துக்கு அசராதவன், அங்கே படலைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன்.

"இப்ப விஷம் தலையில நிக்கிது" என்றார் பெரியவர். "ஒடம்புக்கு எறங்குனா முடிஞ்சுது. கால்ல கடிச்சா தொடையில கட்டுப் போடுவோம். மூஞ்சில கடிச்சா?"



"கழுத்துல" என்று அவரே சொன்னார். பட்டையைத் தொட்டுப் பார்த்தார். "கட்டு தயாரா இருக்குதே மொதலாளி! நல்ல கெட்டி வாரு. ஒரு குச்சியக் குடுத்து முறுக்குங்க."

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. மனுஷனோ மாடோ நாயோ, மூச்சு போவது கழுத்து வழியாக என்பது எனக்குத் தெரியாதா? குவாரியில் கயிறு சிக்கிச் செத்தவனைப் பார்த்தவன் நான். ஆனால் கட்டு என்றால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கடிபட்ட இடத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எங்கேயாவது இறுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அங்கே நின்ற இருபது பேரில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. என் பட்டையைப் பாராட்டினாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

ஏற்கெனவே வீக்கம் தொண்டைக்கு இறங்கி, பட்டை சதைக்குள் புதைந்திருந்தது. ஒரு கழித் துண்டை உள்ளே நுழைக்கவே சிரமமாக இருந்தது. நுழைத்தேன். முறுக்கினேன். ஒரு சுற்று. நாய் என் கையைக் கடிக்கவில்லை. கடித்திருக்கலாம், வாய் என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இன்னொரு சுற்றுப் பாதி போனபோது 'கர்ர்' என்று ஒரு சத்தம். நாக்கு வெளியே வந்தது. நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி நீலமாக இருந்தது.

"பாத்தீங்களா!" என்றார் பெரியவர். "நாக்கு நீலம் பாருங்க. அதான் விஷம். நான் சொன்னனே, நல்ல பாம்பு."

கூட்டம் 'ஆமாம் ஆமாம்' என்றது.

வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி வந்தது அப்போதுதான். கையில் அரிசி களைந்த ஈரம். கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தாள். என்னையும் பார்த்தாள், குச்சியையும் பார்த்தாள். குச்சியை எதிர்ப்பக்கம் சுழற்றிப் பிடுங்கி எறிந்தாள். நாய் ஒரு மூச்சு இழுத்தது. பம்பு செட்டில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வருமே ஒரு காற்றுச் சத்தம், அப்படி.

"பாம்பு கொல்லுதோ இல்லியோ, நீங்க முறுக்கியே கொன்னுடுவீங்க போலருக்கே! மொதல்ல அந்த வார அறுங்க."

வெங்காயத் தாள் அரிகிற அரிவாளைக் கொண்டுவந்து அறுத்துப் பார்த்தேன். நாலு மடிப்பு ரப்பர். மேலே வெள்ளையாக ஒரு கீறல் விழுந்ததோடு சரி. அரிவாளை அழுத்தினால் கழுத்தில் இறங்கும். நான் பார்த்துப் பார்த்துச் செய்ய வைத்த பட்டை, நான் சொன்னபடியே யாராலும் கழற்ற முடியாமல் இருந்தது.

"பெரம்பலூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போலாம், வண்டிய எடு" என்றேன் மச்சினனிடம்.

அவன் இரண்டு அடி பின்னால் போனான். "மாமா, வெறிநாயி எச்சி மேல பட்டா நான் செத்துருவேன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"வெறின்னு எவன்டா சொன்னான்?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

"அப்ப பாம்புன்னு இவரைக் கூட்டியாந்தது எதுக்கு?"

"அது ஒரு சந்தேகத்துக்கு மாமா."

சாவியைப் பிடுங்கினேன். எனக்கு லைசென்ஸ் கிடையாது. நடுவில் கொஞ்ச நாள் லாரியில் கிளீனராக இருந்தபோது பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பாதி லோடு ஏறின லாரியில் என் மனைவி நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அவ்வளவு பெரிய நாயை அவள் எப்படித் தூக்கினாள் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. தண்ணீர்க் குடத்தையும் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். என்னை முந்திப்போக அந்த ரோட்டில் எந்த டிரைவரும் இல்லை என்பது வேறு விஷயம். ஆலத்தூர் கேட்டில் மெயின் ரோட்டில் ஏறுகிற வரைக்கும் நான் அவள் பக்கம் திரும்பவில்லை. பிறகு பார்த்தேன். முந்தானையை நனைத்து நாயின் மூஞ்சியில் இருந்த சுண்ணாம்பையும் எச்சிலையும் வழித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையின் இரண்டு விரல்களைப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் நுழைத்து நிமிர்த்திப் பிடித்திருந்தாள். அந்த இரண்டு விரல் கனத்துக்குத்தான் நாய்க்கு மூச்சு போய்க்கொண்டிருந்தது. வீக்கம் ஏற ஏற விரல்கள் நசுங்கின.

"வலிக்குதா?" என்றேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணாடி போட்டவர். ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு வந்தார். முதலில் நாயின் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்தார். பிறகு பட்டையைப் பார்த்தார். "மொதல்ல இத எடுக்கணும். இதுக்குக் கொக்கி எங்க?"

"கொக்கி இல்லைங்க சார். ரிவிட்டு."

"நாய்க்கு யாருய்யா ரிவிட் அடிப்பாங்க?"



மாட்டுக் குளம்பு வெட்டுகிற பெரிய கொறடு ஒன்றைக் கம்பவுண்டர் கொண்டுவந்தார். என் மனைவியின் விரல்களுக்குப் பக்கத்தில் அதை நுழைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, மூன்றாவது அழுத்தில் வெட்டினார். பட்டை தெறித்து விழுந்தது. நாய் முழுசாக ஒரு மூச்சு விட்டது. என் மனைவியின் இரண்டு விரல்களும் செத்த விரல்கள் மாதிரி வெளுத்து, குறுக்கே கறுப்பாகக் கோடு விழுந்து கிடந்தன. அவற்றை மடக்க அவளால் முடியவில்லை.

டாக்டர் இரண்டு ஊசி போட்டார். நாயின் வாயைத் திறந்து பேட்டரி லைட் அடித்துப் பார்த்தார். இடுக்கியை விட்டு, மேல் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். செங்குளவி. பாதி நசுங்கியது, இறக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதான் உங்க பாம்பு" என்றார்.

கூரைத் தோகைக்குள் குளவி கூடு வைத்திருக்கிறது. பிரித்ததும் கலைந்து வந்திருக்கிறது. நாய் எட்டிக் கவ்வியிருக்கிறது. சிவப்பாக ஏதோ பறந்தது என்று அந்தப் பொம்பளை சொன்னாளே, அது இதுதான்.

டாக்டருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "குளவி கொட்டுனா சில நாய்க்கு இப்படித்தான் மூஞ்சி வீங்கும். ஊசி போட்டா அடங்கிடும். தொண்டை வீங்கி மூச்சு அடைக்கிறதுதான் ஆபத்து. மூஞ்சி வீங்குனதுமே கழுத்துல கெடக்கிற கயிறோ பட்டையோ எதுவா இருந்தாலும் அவுக்கணும். வாயைக் கட்டக் கூடாது. ஈரத்துணிய வச்சுக்கிட்டு ஓடியாந்துடணும், இந்தம்மா செஞ்ச மாதிரி. நீங்க என்னடான்னா வெத்தல எச்சியத் துப்பி, சுண்ணாம்படிச்சு... இது என்ன மூஞ்சியா, செவுரா?" குனிந்து கழுத்தைத் தடவினார். "இங்க தோல் முறுக்கிக் கிழிஞ்சிருக்கு. இது வீக்கத்துல வந்ததில்ல. யாரு முறுக்குனது?"

நான் சொன்னேன், "வைத்தியருங்க சார்."

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. யோசிக்காமல் வந்தது. எச்சில் துப்பினது வைத்தியர், பாம்பு என்றது வைத்தியர், முறுக்கச் சொன்னதும் வைத்தியர். முறுக்கினது நான். என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அவள் மறுத்துச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தன் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டு, மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து பார்த்த எச்சில், கோழை, சுண்ணாம்பு, கழியோடு நின்றவர்களின் இளிப்பு எல்லாம் அந்த நிமிஷம் எனக்குச் சாதாரணமாகிவிட்டன. வெட்டின பட்டையைக் கம்பவுண்டர் என்னிடம் எடுத்துக் கொடுத்தார். உள்பக்கம் செவலை முடியும் தோலும் ஈரமாக ஒட்டியிருந்தன. பித்தளைக் குமிழ் மட்டும் அப்படியே பளபளத்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சாணிக் குழி இருந்தது. அதில் போட்டுவிட்டு, அங்கேயே வாந்தி எடுத்தேன்.

மாலைக்குள் நாய்க்குக் கண் திறந்தது. மறுநாள் மூஞ்சி மூஞ்சியாக ஆனது. வெறி பிடித்தது என்றவர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், அது சும்மா வீக்கம்" என்றார்கள். மச்சினன் நாய்க்குப் பொரை பிஸ்கட் வாங்கி வந்தான்.

ஒரு வாரம் கழித்து டீக்கடையில் அந்தப் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். "அன்னிக்கி நான் மட்டும் கழுத்துல கட்டுப் போடச் சொல்லலேன்னா அந்த நாயி பொழச்சிருக்காது. வெஷம் எறங்கவே இல்லியே! என்ன மொதலாளி, சரிதான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. குளவியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அப்புறம் முறுக்கினது யார் என்கிற பேச்சு வரும். டாக்டரிடம் அவர் மேல் போட்டதை இங்கே என் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அவர் கடைசி வரைக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நம்பி இன்னும் எத்தனை நாய்க்குக் கழுத்தில் கட்டு விழுந்ததோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் போகவில்லை.

நாய் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தது. கழுத்தைச் சுற்றி முடி முளைக்கவே இல்லை, வளையம் மாதிரி வெறும் தோல். புதுப் பட்டை எதுவும் போடவில்லை. பட்டறைக் காவலில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் கூப்பிட்டால் வரும், வாலையும் ஆட்டும். கையை நீட்டினால் மட்டும் காதை மடக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் என் மனைவியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

ஒரு நாள் அப்படி நீட்டிய கையோடு நான் நின்றேன். அவள் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு விரல்களிலும் அந்தக் கோடு இன்னும் இருந்தது. தலை நிமிராமலே சொன்னாள்:

"கழுத்துப் பக்கம் கைய கொண்டுபோவாதீங்க. முதுவுலேருந்து தடவுங்க, நிக்கும்."

தடவினேன். நின்றது.